ராஜமலை டிரவுட்டும் பாலக்காட்டுத் தொட்டியும்

“மூணாறு ராஜமலை ஓடைகளில் டிரவுட் மீன் இருக்கிறதாமே. ஏர் பம்ப் வைத்தால் வீட்டுத் தொட்டியிலும் வளரும் என்று வீடியோவில் சொல்லி, குஞ்சுக்கு முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? இது சால்மன் வகைதானா?” என்று பாலக்காட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ஆமாம், சால்மன் குடும்பம்தான். வாலுக்குச் சற்று முன்னால், முதுகில், முள் இல்லாத சதைத் துண்டு போல ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். அந்தக் குடும்பத்தின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. நம் சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கும் காலா மீனுக்கு அந்தத் துடுப்பு கிடையாது. சால்மனோடு அதற்குப் பெயர் மட்டும்தான் ஒட்டு.

வரலாறு சுருக்கமாக. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க விரும்பிய வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மீன் இது. நீலகிரியில் 1863-இல் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே ரெயின்போ டிரவுட் அங்கே நிலைத்தது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் துரைமார் ‘ஹை ரேஞ்ச் ஆங்ளிங் அசோசியேஷன்’ என்று சங்கமே வைத்து, ராஜமலையில் குஞ்சு பொரித்து ஓடைகளில் விட்டார்கள். நமக்கு அவ்வளவு போதும்.

இனி ஏர் பம்ப். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், அதனால்தான் டிரவுட் மலையில் வாழ்கிறது என்பார்கள். பாதிதான் சரி. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 2,000 மீட்டர் உயரத்தில், 15 டிகிரி நீரில், லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான் கரையும். பாலக்காட்டில் 30 டிகிரி நீரில்? சுமார் 7.5. வித்தியாசம் அரை மில்லிகிராம்! அப்படியென்றால் அந்தச் சூட்டில் டிரவுட் ஏன் சாகிறது?

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கிறோமே, விடை அங்கே இருக்கிறது. வில் போன்ற எலும்பு, அதில் சீப்புப் பல் மாதிரி இழைகள், ஒவ்வோர் இழையிலும் நெருக்கமாக மெல்லிய தகடுகள். தகட்டுக்கு வெளியே நீர் ஒரு திசையில் ஓடுகிறது. உள்ளே இரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அந்த எதிர்த்திசைதான் அதிசயம்.

கோயிலில் லட்டு கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். கொடுப்பவர் ஒவ்வொருவர் கையிலும் பத்து லட்டு. வாங்குபவர் கை காலி. தன்னிடம் இருப்பது எதிரே நிற்பவரிடம் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் கொடுப்பவர் கொடுப்பார். இரண்டு வரிசையும் ஒரே திசையில் நடந்தால், ஆளுக்கு ஐந்து ஆனதும் பங்கீடு நின்றுவிடும். எதிரெதிரே நடந்தால் கதை வேறு. வெறுங்கையோடு நுழைபவருக்கு, இரண்டே லட்டு மிச்சம் வைத்திருப்பவரும் கொடுப்பார். எட்டு சேர்த்துவிட்டவர் வெளியேறும் வாசலில், பத்து வைத்திருப்பவர் புதிதாக வருவார். கடைசி அடி வரை கொடுக்கல் வாங்கல் ஓயாது. இப்படித்தான் செவுள், தன்னைக் கடக்கும் நீரில் உள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம் வரை உறிஞ்சிவிடுகிறது. நம் நுரையீரல் எடுப்பது கால் பங்குதான்.

இப்போது வெயில் ஏறட்டும். லட்டின் எண்ணிக்கை அதிகம் குறையவில்லை. ஆனால் வாங்குபவர்களின் வீட்டில் பசி கூடிவிட்டது: 10 டிகிரி ஏறினால் மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வரிசை ஓடுகிறது. அதாவது இதயம் வேகமாக அடிக்கிறது, ஓர் எல்லைக்கு மேல் அதனால் முடிவதில்லை. போதாக்குறைக்கு வாங்குபவர்களின் பிடியும் தளர்கிறது, ஏனென்றால் சூட்டில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடிக்காது. 25 டிகிரியை ஒட்டி டிரவுட்டின் உயிருக்கே ஆபத்து. தூண்டிலில் போராடிய மீனை வெதுவெதுப்பான நீரில் திரும்ப விட்டால் அது பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்பதற்குக் காரணமும் இதே கணக்குத்தான்.

ஏர் பம்ப் லட்டைத்தான் நிரப்பும், பசியைக் குறைக்காது. தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் வைத்தால் வளர்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 10,000 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 15-க்கு இறக்க, சுமார் 175 யூனிட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். இயந்திரம் அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் இழுத்தாலும் 58 யூனிட். அதுவும் ஒருமுறை இறக்குவதற்கு மட்டும். பிறகு வெயிலோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். பாலக்காட்டிலிருந்து, ராஜமலையை ஒட்டிய ஆனைமுடிச் சிகரம் நேர்கோட்டில் 80 கிலோமீட்டர்தான். ராஜமலை ஓடைக்கு அந்தக் குளிரை இலவசமாகத் தருவது அந்த உயரம்.

இன்னொன்று. வாங்கிய குஞ்சை ‘எங்காவது பிழைக்கட்டும்’ என்று மலை ஓடையில் விட்டுவிடாதீர்கள். டிரவுட் வேட்டையாடும் மீன். அந்த ஓடைகளின் சொந்தப் பூச்சிகளும் சிறு மீன்களும் அதற்கு இரை.

முன்பணம் கட்டும் முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஏப்ரல் மாதத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, உங்கள் தொட்டித் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 20-க்கு மேல் காட்டினால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.