நேர்காணலுக்குக் காசு வேண்டாம்

பெங்களூரு, ஐதராபாத், புனே நகரங்களில் கணினி மென்பொருள் நிறுவனங்கள் பல உள்ளன. படித்த பிள்ளைகள் அங்கே வேலை தேடிப் போகிறார்கள். வேலைக்கு ஆளை எப்படி எடுக்கிறார்கள்?

முதலில் தேர்வு நடக்கும். கணக்கு, ஆங்கிலம், கணினி பற்றிக் கேள்விகள் வரும். தேறியவர்களை நேர்காணலுக்கு அழைப்பார்கள்.

“10 எண்களில் பெரிய எண்ணைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்?” இப்படி ஒரு கேள்வி வரலாம். முதல் எண்ணைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். பெரியதை வைத்துக்கொண்டு சிறியதை விட வேண்டும். கடைசி எண் வரை இப்படியே செய்ய வேண்டும். யோசிக்கும் முறையைத்தான் அதிகாரிகள் கவனிக்கிறார்கள்.

விடை தெரியாவிட்டால் “தெரியாது” என்று சொல்லலாம். அது தவறில்லை. மழுப்பினால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் முறையே எல்லோருக்கும் வேலை கிடைப்பதில்லை. தடுமாறிய கேள்விகளை எழுதி வைத்துப் படித்தால், அடுத்த முறை பயம் குறையும்.

சிலர் “பணம் கட்டுங்கள், வேலை நிச்சயம்” என்பார்கள். நம்ப வேண்டாம். டி.சி.எஸ்., இன்போசிஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை. இதை அவையே அறிவித்துள்ளன. நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பாதீர்கள். இணையம் வழியாகவோ போன் வழியாகவோ பணத்தை ஏமாந்துவிட்டால், உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.