மூட்டைக்குள் போன வாயு

எங்கள் ஊரான எரியோட்டில் மழை தலைகாட்டிய மறுநாள், உரக்கடை வாசலில் வரிசையில் நின்று, கைரேகை வைத்து விவசாயி வாங்கிச் செல்லும் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைச் செய்வதற்கு ஏறத்தாழ 33 கிலோ கரியமில வாயு செலவாகியிருக்கிறது என்றால், கடைக்காரரே சற்று விழிப்பார்.

தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலையில் முன்பு நாப்தாவிலிருந்தும், 2021-இல் குழாய் வந்தபின் இயற்கை வாயுவிலிருந்தும், நீராவியின் துணைகொண்டு ஹைட்ரஜனைப் பிரிக்கிறார்கள். அதனுடன் கூடப்பிறக்கும் கரியமில வாயு ஒரு ரசாயனக் கரைசலில் உறிஞ்சப்பட்டு, பிறகு சூடேற்றி மீட்கப்பட்டு, அதே ஹைட்ரஜனால் உண்டான அம்மோனியாவுடன் கூடி யூரியாவாகிறது. ஆக, ஹைட்ரஜன் தயாரிப்பில் கரியைப் பிடிப்பதென்று இன்று மாநாடுகளில் பிரமாதப்படுத்தப்படும் வித்தை, உர ஆலைக்காரர்களுக்கு நெடுநாள் பழக்கம். உலையை எரிக்கும் எரிபொருளின் புகை மட்டும் வழக்கமாகப் புகைபோக்கி வழியே போய்விடும்.

பிடித்ததும் நிலைப்பதில்லை. ஈரமண்ணில் விழுந்த யூரியா சில நாட்களுக்குள் சிதைய, அம்மோனியா பயிருக்கென நிற்க, வாயு வந்த வழியே ஆகாயத்துக்குத் திரும்பிவிடுகிறது.

ஸ்பிக்கின் அண்டைவீடான தூத்துக்குடி ஆல்கலி ஆலை, 2016-இல், தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பாக்கும் ஏற்பாட்டை அரசாங்க மானியமின்றித் தொடங்கியபோது உலகப் பத்திரிகைகள் வியந்தன. வாயுவை உறிஞ்சும் கரைசலைத் தந்தது கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இரு இளைஞர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம். வியாபார சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால், அங்கேயும் வாயு விடுதலை பெற்றுவிடும்.

நிலையான சேமிப்பென்றால் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைப் பார்க்க வேண்டும். அங்கே குவெஸ்ட் திட்டத்தில், 2015 முதல், ஹைட்ரஜன் அலகுகளில் பிடித்த வாயுவை, ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன், இரண்டு கிலோமீட்டர் ஆழத்து மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். கடற்பஞ்சைப்போல் நுண்துளை நிறைந்த பாறையும், அதன்மேல் கசியவிடாத மூடுபாறையும், குறைந்தது 2,600 அடி ஆழமும் அதற்கு வேண்டும்.

எரியோட்டில் அது நடவாது. திருச்செங்கோட்டு போர்வெல் லாரி இங்கே ஆயிரம் அடி இறக்கினாலும், வெடிப்பு தட்டுப்படாத இடத்தில் குழாய்வாயிலிருந்து பறப்பது கருங்கல்லின் வெண்பொடிதான். தண்ணீருக்கே இடம் தராத பாறை அது.