காரைத் தாழ்த்தும் முன்

வளைவில் கார் சாய்கிறதா? குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்திவிட்டால் சாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல நான்கு பேர் இருப்பார்கள். தாழ்ந்த கார் பார்க்க எடுப்பாக இருக்கும், சந்தேகமில்லை. பிடிப்பு கூடுமா என்பதுதான் கேள்வி.

மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். அதன் முன்பக்கத்தில் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட். எர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வடிவமைத்தது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் இதுதான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும். கீழே சக்கரத்தையும் சட்டகத்தையும் இணைக்க ஒரு லோயர் ஆர்ம். விலையும் குறைவு, அடைக்கும் இடமும் குறைவு.

இந்த அமைப்பில்தான் சூட்சுமம். வண்டியை 40 மி.மீ. தாழ்த்தினால் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். லோயர் ஆர்மின் உட்புற முனை மட்டும் கீழே இறங்கும். ஆர்மின் கோணம் மாறுவதால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளியும் இறங்குகிறது, அதுவும் காரின் ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட அதிகமாக. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அதாவது காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிவிட்டது! கூடுதல் விறைப்பான ஸ்பிரிங் போட்டு இதை ஈடுகட்டலாம். ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருந்தால், அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அதனால் அடக்க முடியாது. அமுங்க மிச்சமிருக்கும் இடமும் குறைந்துவிடுவதால் சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் முன்சக்கரம் பிடிப்பை விட்டுவிடும்.

இதோடு நம் வேகத்தடைகள் வேறு. இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக மெல்ல ஏறி இறங்க வேண்டும். தெருக்களில் இருப்பவை குறுகலாக, செங்குத்தாக எழுந்து நிற்பவை. ஸ்விஃப்டின் தரை இடைவெளியே 163 மி.மீ.தான்; நான்கு பேர் ஏறினால் அதிலும் குறையும்.

சரி, எங்கே கை வைப்பது? முதலில் டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. பட்டன் தேயாவிட்டாலும் பழைய ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். அடுத்து லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், பிறகு வீல் அலைன்மென்ட். ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் ஜோடியாக மாற்றிவிடுங்கள். ஓடித் தேய்ந்த வண்டியில் 'ஹேண்ட்லிங் சரியில்லை' என்ற புகார் பெரும்பாலும் இத்துடன் தீர்ந்துவிடும்.

அதற்கும் மேல் வேண்டும் என்பவர்கள் சாய்வைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரைப் பார்க்கலாம். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டாலே 46 சதவீதம் கூடிவிடும். ஆனால் முன்சக்கர இயக்கக் காரில் முன்பக்கத்தை மட்டும் இறுக்கினால், வளைவில் வண்டி திரும்பாமல் வெளிப்பக்கமாக ஒதுங்கும் பழக்கம் இன்னும் மோசமாகும்.

ஸ்பிரிங்கை மாற்றியே தீருவது என்றால், அதற்கென்றே பொருத்திய ஷாக் அப்சார்பரோடு செட்டாக வாங்குங்கள். இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வண்டியை விடவே விடாதீர்கள்.