சர்க்கரை ஏந்திய கிளைகள்

பாரிஸின் மார்க்ஸ் டோர்முவா நிலையத்தில் 12-ஆம் இலக்க மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமலே பாஸ்தர் நிலையத்தில் இறங்கிவிடலாம். லாச்சப்பல் தமிழருக்கு இத்தனை சமீபத்திலுள்ள பாஸ்தர் ஸ்தாபனத்தில், நுனிதோறும் சர்க்கரை தாங்கிய ஒரு கிளை மூலக்கூறைப் புற்றுநோய்த் தடுப்பூசியாக்கும் ஆராய்ச்சி 1990களிலேயே ஆரம்பமாயிற்று.

நம் சரீரத்தின் உயிரணுக்கள் சர்க்கரைச் சங்கிலிகளைப் போர்த்தியிருப்பவை. ஆரோக்கிய நிலையில் நீண்டு வளரும் அச்சங்கிலி பல புற்றுநோய்களில் முதற்கண்ணியோடு நின்றுவிட, சாதாரணமாக மறைந்திருக்கும் ஒரு சர்க்கரை வெளியே தெரிகிறது. ‘டிஎன்’ எனப்படும் அவ்வடையாளத்தை நோயெதிர்ப்பு அணுக்களுக்குப் பழக்குவதே நோக்கம். ஆனால் தனிச் சர்க்கரையின்மேல், அவ்வணுக்கள் உண்டாக்கும் எதிர்ப்புரதத்தின் பிடி தளர்ந்தது; லாச்சப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்குப் பலர் கூடி வடம் பிடிப்பதுபோல், பல சர்க்கரைகள் நெருங்கி நின்றால்தான் அது இறுகும்.

நெருங்கி நிறுத்தும் உபாயமோ எளியது. பருப்பில் நாம் உண்ணும் லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு இரண்டு அமினோ முனைகள் உண்டாகையால், ஒரு லைசினின்மேல் இரண்டை இணைத்தால் நான்கு முனைகள் கிடைக்கின்றன. 1963-இல் அமெரிக்க ரசாயனியான மெரிஃபீல்டு வெளியிட்ட முறைப்படி, அடியை நுண்ணிய பிசின் மணிகளில் பிணைத்துவிட்டு, வேண்டாத இடத்தில் வினை நிகழாதபடி காப்பிட்ட அமினோ அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கி, மிஞ்சியதைக் கழுவி, காப்பை நீக்கி, அடுத்ததைச் சேர்க்க வேண்டும். இக்கிரியைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதொன்றே வேலை. நான்கு கைகளிலும் முதலில் நோயெதிர்ப்புக்குத் துணைநிற்கும் டி-அணுக்களைத் தூண்டும் புரதத் துண்டும், அதன் நுனியில் சர்க்கரை ஏற்றிய மூன்று அமினோ அமிலங்களும் தொடுக்கப்பட, ஆக 12 சர்க்கரைகள். எளிமையெல்லாம் கிளையோடு சரி. அந்தச் சர்க்கரையை அமினோ அமிலத்தில் சரியான திக்கில் முன்கூட்டியே பிணைத்து வைப்பதுதான் ரசாயனியின் பொறுமையைச் சோதிக்கும் காரியம்.

இதே லைசின் கிளைகளில் வேறொரு சர்க்கரையை ஏற்றி, இன்ஃப்ளுயென்சா கிருமி உயிரணுவைப் பற்றாமல் தடுக்கும் பதார்த்தத்தைக் கனடாவின் ரெனே ராய் குழுவினர் 1993-இல் செய்து காட்டியிருந்தனர்.

தடுப்பூசிக்கென்று பெரிய புரதத்தின்மேல் சர்க்கரையை ஏற்றும் வழக்கமான முறையில், எங்கே எத்தனை ஏறிற்று என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறுவதோடு, சரீரத்தின் எதிர்ப்பும் அப்புரதத்தின்மேலேயே பெரும்பாலும் சிதறிவிடும். கிளை மூலக்கூறில் ஒவ்வொரு சர்க்கரையின் ஸ்தானமும் நிச்சயமானது; அதன் பெருமை அதில்தான் என்பது என் அபிப்பிராயம். விலங்குகளில் எதிர்ப்புரதம் உண்டாக்கிய பின், மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் முதற்கட்டப் பரிசோதனையும் நடந்திருக்கிறது. முதற்கட்டம் பிரதானமாகப் பார்ப்பது தீங்கின்மையை. வியாதி திரும்பாமல் தடுக்குமா என்ற கேள்விக்கு மேலும் பெரிய பரிசோதனைகள் வேண்டும்.