வேப்பங்கன்று திடீர்னு கருகுதா? குடத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

இந்த வாரம் நேயர் ஒருத்தர் கேட்ட கேள்வி: "அபார்ட்மென்ட் வாசல்ல வச்ச வேப்பங்கன்று, ரெண்டு வயசு. ஒரே வாரத்துல இலையெல்லாம் பழுப்பாகிடுச்சு. செத்துப்போச்சு, பிடுங்கிடலாம்னு சொல்றாங்க. என்ன பண்றது?"

பிடுங்காதீங்க. பதறிப்போய் குடம் குடமா தண்ணியும் ஊத்தாதீங்க. இலை கருகுறது காய்ச்சல் மாதிரி, வெறும் அறிகுறிதான். காரணம் வேற எங்கேயோ இருக்கு.

முதல்ல, உயிர் இருக்கா?

சின்னக் கிளை ஒண்ணை நகத்தால லேசா சுரண்டுங்க. பட்டைக்கு அடியில பச்சையும் ஈரமும் தெரிஞ்சா, கிளை உயிரோட இருக்கு. காய்ஞ்சு பழுப்பா இருந்தா, இன்னும் கீழே போய் தண்டுலயும் சுரண்டிப் பாருங்க. அடித்தண்டு பச்சையா இருந்தாலே மறுபடி துளிர்க்க வாய்ப்பு இருக்கு.

அடுத்து, எங்கே கருகியிருக்கு?

இலையோட ஓரமும் நுனியும் மட்டும்னா, இலைக்குப் போதுமான தண்ணி வரலை. மண் காய்ஞ்சிருக்கலாம். இல்லன்னா போர்வெல் தண்ணியோட உப்போ, அளவுக்கு மீறின உரமோ மண்ணுல சேர்ந்திருக்கலாம். உப்பு அதிகமானா, ஈரம் இருந்தும் வேரால அதை இழுக்க முடியாது.

கிளை நுனியில ஆரம்பிச்சு கீழ்நோக்கி காயுதுன்னா, மழைக்காலத்துல வேம்புக்கு வர்ற நுனிக்கருகலா இருக்கலாம். ஃபோமாப்சிஸ்ங்கற பூஞ்சை ஒரு காரணம். கொழுந்துல சாறு உறிஞ்சுற தேயிலைக் கொசு இன்னொண்ணு. பேர்தான் கொசு, உண்மையில அது ஒரு நாவாய்ப்பூச்சி. 2021-ல தெலங்கானாவுல ஏராளமான வேப்பமரங்கள் இப்படிக் கருகின. காய்ஞ்ச நுனியை, பச்சை தெரியுற இடத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டி அப்புறப்படுத்துங்க.

மரம் முழுக்க ஒரே நேரத்துல கருகியிருந்தா, சந்தேகம் வேர் மேலயும் அடித்தண்டு மேலயும் போகணும். ஒரு குச்சியை அரை அடி ஆழத்துக்குக் குத்தி எடுங்க. சேறா ஒட்டிக்கிட்டு வந்தா, வேர் மூச்சுத் திணறுது. வேருக்குக் காத்தும் வேணும். இந்த நிலைமையில நீங்க ஊத்துற தண்ணிதான் அதைக் கொல்லும். பக்கத்துல கட்டட வேலை நடந்திருந்தா, சிமென்ட் கழுவின தண்ணியோ பெயின்ட்டோ அங்கே கொட்டினாங்களான்னு விசாரிங்க. கூண்டோட சேர்த்துக் கட்டின கம்பி தண்டை இறுக்குதான்னும் பாருங்க. இலை தயாரிக்கிற உணவு பட்டை வழியாத்தான் வேருக்குப் போகுது. பட்டை நெரிஞ்சா வேர் பட்டினி கிடக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்காதீங்க

மாசி, பங்குனியில வேம்பு மஞ்சளாகி இலை கொட்டுறது இயல்பு. சில நாள்ல செம்பு நிறத்துல கொழுந்து வந்துடும். இலையை உதிர்க்கவே மரத்துக்கு உயிர் வேணும். கருகின இலை உதிராம கிளையிலேயே தொங்குதுன்னா, கிளை சட்டுனு செத்திருக்குன்னு அர்த்தம். அப்போதான் கவலைப்படணும்.

இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வைங்க. காரணத்தைச் சரிபண்ணிட்டு, மூணு வாரம் கழிச்சு மறுபடி சுரண்டிப் பாருங்க. பிடுங்குறதா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்ணலாம்.