ஆபகூக்கின் முறையீடு: நீதி தாமதிக்கும்போது விசுவாசம்

மூன்றே அதிகாரங்களைக் கொண்ட ஆபகூக் நூலை நம் திருச்சபைகள் பெரும்பாலும் ஒரே வசனத்தினால் அறிந்திருக்கின்றன. நீதிமான் வாழ்வடைவது விசுவாசத்தினாலே என்னும் கருத்துடைய அவ்வசனத்தை (2:4) ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் பவுல் எடுத்தாண்டார். பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தில் அது பெருமுழக்கமாயிற்று. ஆனால் எந்தக் கேள்விக்கு விடையாக அது எழுந்ததென்று நாம் கேட்பது அரிது. கேள்வியை மறந்து விடையை மட்டும் போற்றுவோமாயின், விசுவாசம் என்பது நீதியைப் பற்றிய கவலையிலிருந்து நம்மை விடுவிக்கும் ஒன்றாகிவிடும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய தோல் பதனிடும் ஊர்களில் ஊழியம் செய்வோர் இந்நூலை அதன் தொடக்கத்திலிருந்தே கற்பது நலம்.

1. முறையீடு

ஆபகூக் வாழ்ந்த காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி என்று அறிஞர் பலர் கொள்வர். அக்காலத்தில் யூதாவை ஆண்ட யோயாக்கீம், கூலி கொடாமல் வேலை வாங்கித் தன் மாளிகையைக் கட்டினான் என்று எரேமியா குற்றஞ்சாட்டுகிறார் (22:13-17). இச்சூழலில் ஆபகூக் முதலில் பேசுவது மக்களிடமன்று, கடவுளிடமே. நம் நாட்டுக் கதையில் அரண்மனை வாயிலில் தொங்கும் ஆராய்ச்சி மணியைப்போல, கடவுளின் வாயிலில் ஒரு மணியை அவர் அடிக்கிறார். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கிறார். கொடுமை எனப் பொருள்படும் எபிரெயச் சொல் இச்சிறு நூலில் ஆறு முறை வருகிறது.

நியாயப்பிரமாணம் மரத்துப்போயிற்று என்பது அவருடைய குற்றச்சாட்டு (1:4). யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்ற செய்தியைக் கேட்டபோது யாக்கோபின் இருதயம் மரத்துப்போனதைக் கூறுமிடத்திலும் (ஆதி. 45:26) இதே வினைச்சொல் வருகிறது. சட்டம் இல்லாமற்போகவில்லை, அது இருக்கிறது, ஆனால் அசையவில்லை. இதுவே தீர்க்கதரிசியின் வேதனை.

2. நம் பள்ளத்தாக்கின் அனுபவம்

இவ்வேதனையைப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு நன்கு அறியும். ஆவாரம்பட்டை முதலியவற்றைக் கொண்டு தோல் பதனிட்டுவந்த இப்பகுதியில், 1970-களுக்குப் பின் ஏற்றுமதி பெருகியதோடு குரோம் உப்புகளால் பதனிடும் முறை பரவிற்று. கழிவுநீர் ஆற்றிலும் ஏரியிலும் நிலத்திலும் விடப்பட்டது, கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகிற்று. 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முற்றிலுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்தது. பாதிக்கப்பட்டோரைக் கண்டறிந்து இழப்பீட்டை வரையறுக்க ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது.

ஆயினும் 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம், மாசு நிற்கவில்லை என்று கண்டு, இழப்பீட்டை வழங்கும்படியும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்கும்படியும் மீண்டும் கட்டளையிட வேண்டியதாயிற்று. மனு அளிக்கப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது முப்பத்துமூன்று.

3. ‘எமுனா’ என்னும் சொல்

முறையிட்ட ஆபகூக் சோர்ந்து வீடு திரும்பவில்லை. காவல் நிலையில் நின்று, தமக்கு என்ன மறுமொழி கிடைக்குமென்று நோக்குகிறார் (2:1). தரிசனத்தைப் பலகைகளில் தெளிவாக எழுது. அது தாமதித்தாலும் காத்திரு என்பதே மறுமொழி. இதையடுத்தே நாம் நன்கறிந்த வசனம் வருகிறது.

அங்கு நாம் ‘விசுவாசம்’ என்று மொழிபெயர்க்கும் எபிரெயச் சொல் ‘எமுனா’. உறுதி, உண்மை தவறாமை, தளராமை என்பன அதன் பொருள்கள். அமலேக்கியரோடு போர் நடந்தபோது மோசேயின் கைகள் மாலைவரை தளராமல் நின்றதைக் குறிக்கவும் இச்சொல்லே வழங்குகிறது (யாத். 17:12). அக்கைகள் தாமாக நிற்கவில்லை. ஆரோனும் ஊரும் இருபுறமும் தாங்கினர். ஆகவே எமுனா என்பது உள்ளத்தில் ஒரு கோட்பாட்டை ஒப்புக்கொள்வது மட்டுமன்று. நீதி தாமதிக்கும்போதும் கேள்வியைக் கைவிடாமல் நிற்கும் உறுதி. அது பிறர் தாங்குவதனாலும் நிலைக்கிறது. பவுலின் போதனைக்கு இது முரணன்று. கடவுளின் உண்மையைச் சார்ந்திருப்பவனே இவ்வாறு காத்து நிற்க வல்லவன்.

4. சுவரிலுள்ள கல்

இரண்டாம் அதிகாரத்தின் ஐந்து ‘ஐயோ’க்களில் ஒன்று, அநீதியான ஆதாயத்தால் தன் வீட்டை உயர்த்துபவனுக்கு எதிராகச் சுவரிலுள்ள கல்லே கூப்பிடும் என்கிறது (2:9-11). 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில், தோல் கழிவைத் தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துப்பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆபகூக்கின் வாக்கு இந்நிகழ்ச்சியை முன்னறிவித்தது என்று கூறுவது திருமறையைத் தவறாகக் கையாளுவதாகும். ஆனால் எத்தகைய சுவர்களைப்பற்றி அவர் பேசினார் என்பது நமக்கு விளங்குகிறது. லீபனோனின் காடுகளுக்கும் விலங்குகளுக்கும் இழைத்த கொடுமையையும் (2:17) அவர் கணக்கில் சேர்க்கிறார் என்பதும் கருதத்தக்கது.

அப்படியாயின் தோல் தொழிலே ஒழியவேண்டுமோ என்று சிலர் வினவலாம். இது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. ஒரே வீட்டில் தகப்பன் கிணறு கெட்ட உழவனாகவும், மகள் காலணித் தொழிற்சாலையில் கூலி பெறுபவளாகவும் இருக்கக் காண்கிறோம். தோலைத் தொடுவோரைத் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயம், அத்தோலின் இலாபத்தைத் தீட்டென்று கருதியதில்லை. ஆபகூக் உழைப்பைக் கண்டிக்கவில்லை. பிறருடைய இரத்தத்தின்மேல் பட்டணம் கட்டுவதையே கண்டிக்கிறார் (2:12). தொழிலின் ஆதாயம் ஒருசாராருக்கும் அதன் கழிவு மறுசாராருக்கும் பங்கிடப்படுவதே இங்கு நியாயத்தீர்ப்புக்குள்ளாகிறது.

5. நம் கடமை

நூலின் இறுதிப் பாடலில் அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுப்பட்டி, மாட்டுத்தொழு ஆகிய ஆறும் வெறுமையான நிலையைத் தீர்க்கதரிசி ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அதன் பின்னரே கர்த்தருக்குள் களிகூருகிறார் (3:17-18). இழப்பை மூடி மறைக்காத மகிழ்ச்சி அது. நம் ஆராதனைகளில் இழப்புகளை எண்ணாமலே களிகூர விரைகிறோமோ என்று நாம் ஆராய வேண்டும்.

பலகையில் எழுதுதல் இன்று நமக்குரிய பணியாகும். எந்த ஊரில் எந்தக் கிணறு கெட்டது, யாருக்கு இழப்பீடு வந்தது, யாருக்கு வரவில்லை என்று சபைதோறும் பதிந்து வைக்கலாம். நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் தனியே நடந்து களைத்தவரோடு இருவர் சேர்ந்து போகலாம். ஆரோனும் ஊரும் செய்தது அதுவே. கிணறு கெட்டவரும், பதனிடும் தொட்டியில் இறங்குபவரும், அத்தொழிலின் ஆதாயத்தில் பங்குபெறுபவரும் ஒரே திருவிருந்துப் பந்தியில் அமரும் சபைகளில் இப்பணி மனத்தாங்கலை உண்டாக்கக்கூடும். அதற்கு அஞ்சி நாம் மௌனம் காத்தால், ஆபகூக்கின் விடையை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய கேள்வியைக் கைவிட்டவர்களாவோம்.