பூ வாங்கினால் போதுமா? பக்குவமும் தெரிய வேண்டாமா?

பூ இல்லாத விசேஷம் நம் வீடுகளில் உண்டா? எங்கள் நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிக்குப் பேர் போன ஊர். ஆனாலும் மஞ்சளுக்கு இருக்கிற மதிப்பு பூவுக்கும் உண்டு. மாரியம்மன் நோன்பி தொடங்குவதே பூச்சாட்டில்தான். ஒரு நல்ல காரியம் பேசுவதற்கு முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டுப் பூக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் இன்றும் இருக்கிறது.

அப்படிப்பட்ட பூவை முகூர்த்த நாளில் விலை கேட்டுப் பாருங்கள், பவுன் விலை கேட்ட மாதிரி இருக்கும்! அத்தனை விலை கொடுத்து வாங்கியதைப் பக்குவம் தெரியாமல் பாதி வாட விட்டால் மனசு ஆறுமா? காசு மட்டுமில்லை, உடம்புக்கு ஆகாத பூவும் சாயமும் உண்டு. இரண்டையும் பற்றித்தான் சகோதரிகளே, இந்தக் கட்டுரை.

பறித்த பூவும் மூச்சு விடும்

பறித்த பிறகும் பூவுக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, அதனால் சூடு உண்டாகிறது. மல்லிகையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்துவிட்டுச் சாயந்திரம் பிரித்தால் வெதுவெதுப்பாக இருக்கும், ஓரமெல்லாம் பழுத்திருக்கும். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாததுதான் காரணம்.

எங்கள் தெருவில் பல வருஷமாகப் பூக் கட்டி விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். "பூவும் பச்சைக் கொழந்தை மாதிரிதானுங்க. இறுக்கிப் புடிச்சாலும் ஆகாது, வெயில்ல போட்டாலும் ஆகாது" என்பார். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு.

மல்லி, முல்லையைக் காலையிலேயே மொட்டாக வாங்குங்கள். நன்றாகப் பருத்து வெளுத்த மொட்டுதான் மாலையில் விரியும். பச்சை ஓடிய பிஞ்சு மொட்டு விரியாமலே வதங்கிவிடும். வாங்கி வந்ததும் அள்ளி அள்ளித் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஈரம் தேங்கினால் பூ அழுகும். நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியில் பரப்பி, லேசாகச் சுற்றி, வாழை இலையில் பொதிந்து நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பதானால் மூடி போட்ட டப்பாவில், கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் பக்கம் போகவே கூடாது. சரம் கட்டுவதற்கு நனைத்த வாழை நாரே உத்தமம். நாரில் உள்ள ஈரம் காம்புக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். கல்யாண வீட்டில் சீர்த்தட்டுப் பழங்களையும் பூவையும் ஒரே அறையில் பூட்டி வைப்பார்கள். பழுக்கிற வாழைப்பழத்திலிருந்து எத்திலீன் என்றொரு வாயு வரும். பழத்தைப் பழுக்க வைக்கிற அதே வாயு பூவையும் சீக்கிரம் மூப்படைய வைக்கும். பழம் ஓர் அறை, பூ ஓர் அறை என்று பிரித்து வையுங்கள்.

காம்புப் பூக்கள்

இப்போது வரவேற்பு மேடைக்கு ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா, ஜெர்பெரா, கார்னேஷன் எல்லாம் வருகின்றன. நீளக் காம்புச் சம்பங்கியும் உண்டு. இவற்றுக்குப் பக்குவம் வேறு.

காம்புக்குள் தண்ணீர் ஏறுவதற்கு நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. வெட்டின இடத்தில் காற்று புகுந்தாலும் கிருமி சேர்ந்தாலும் அது அடைத்துக்கொள்ளும். ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் ரோஜா தலை தொங்குவது இதனால்தான். வாங்கி வந்ததும் காம்பின் அடியில் ஓர் அங்குலத்தைக் கூர்மையான கத்தியால், தண்ணீருக்குள் முக்கியபடியே, சாய்வாக வெட்டுங்கள். தண்ணீரில் முழுகுகிற இலைகளைக் கிள்ளிவிடுங்கள். ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரையும் இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். சர்க்கரை பூவுக்கு உணவு. புளிப்பு, கிருமி பெருகுவதைக் குறைக்கும். ஆனால் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் பழசானால் கெடுதல்தான்.

ஜெர்பெராவுக்கு இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போதும். அதன் காம்பு உள்ளே பொந்தாக இருப்பதால் நிறையத் தண்ணீரில் சீக்கிரம் அழுகிவிடும். ஆர்கிட் வாங்கினால் அதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அது குளிர் தாங்காது.

பூவுக்குச் சாயம்

நீல ரோஜா, பச்சைச் சம்பங்கி என்று இப்போது மேடையில் பார்க்கிறோமே, அதெல்லாம் இயற்கையா? இல்லை. ரோஜாவுக்கு நீல நிறத்தை உண்டாக்கும் சக்தியே கிடையாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி உருவாக்கி 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'நீல ரோஜா' கூட இளம் ஊதா நிறம்தான். மேடையில் தெரிகிற அடர் நீலம் எல்லாம் சாயமே.

வீட்டிலேயே சாயம் ஏற்றலாம், குழந்தைகளுக்கும் வேடிக்கையாக இருக்கும். வெள்ளைக் கார்னேஷன், வெள்ளைச் சாமந்தி, காம்புச் சம்பங்கி எதுவானாலும் சரி. பூவை ஓரிரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்துத் தாகம் எடுக்க விடுங்கள். பிறகு காம்பைப் புதிதாக வெட்டி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் கலரைக் கரைத்து அதில் நிறுத்துங்கள். சில மணி நேரத்தில் இதழ் ஓரங்களில் நிறம் எட்டிப் பார்க்கும், மறுநாள் காலையில் நன்றாகப் பிடித்திருக்கும். காம்பை நடுவில் இரண்டாகக் கீறி, ஒரு பாதியைச் சிவப்பிலும் மறு பாதியை நீலத்திலும் வைத்தால் ஒரே பூவில் இரண்டு நிறம்! நெதர்லாந்தின் வானவில் ரோஜாவுக்கும் இதுதான் தந்திரம்.

எங்கள் ஊர் மஞ்சளைக் கரைத்து வைத்தால் மஞ்சள் பூ கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. மஞ்சளின் நிறப் பொருள் தண்ணீரில் கரைவதில்லை. தூளெல்லாம் அடியில் தங்கும், காம்பில் ஏறாது.

இது காம்பு வழியாக ஏற்றுகிற சாயம். காம்பில்லாத உதிரிச் சம்பங்கியைச் சாயத்தில் முக்கி எடுக்கிறார்களே, அதில்தான் ஆபத்து. நிறம் உள்ளே போவதில்லை, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரமும் வியர்வையும் பட்டால் இறங்கிவிடும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பச்சைச் சாயம் முக்கிய சம்பங்கி மாலை. வாடாமல் இருக்க மேலே தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். தாலி கட்டி எழுந்திரிப்பதற்குள் மாப்பிள்ளையின் சேலம் வெண்பட்டு வேட்டியில் பச்சைத் திட்டு. அதுகூடப் போகட்டும். பெண்ணுக்குக் கழுத்தைச் சுற்றி அரிப்பு, சிவந்த தடிப்பு. மறுவீட்டுக்குக் களிம்பு தடவிக்கொண்டு போனாள். மாலை கட்டியவரைக் கேட்டால், "துணிக்குப் போடற சாயந்தானுங்க, எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார்.

துணிச் சாயம் துணிக்கு, பூவுக்கு அல்ல. சிலருக்குத் தோலில் அது ஒவ்வாமையை உண்டாக்கும். சாயப் பூவை மேடைக்கும் வாசலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கும் கூந்தலுக்கும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பூவை அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்த மாலை வேண்டாம். நிறம்தான் வேண்டுமென்றால் கனகாம்பரம், மரிக்கொழுந்து, பன்னீர் ரோஜா, வாடாமல்லி எல்லாம் எதற்கு இருக்கின்றன? பச்சைக்கு மரிக்கொழுந்து, அதோடு மணமும் இனாம்!

எதற்கு எந்தப் பூ?

கூந்தலுக்கு: மல்லி, முல்லை, கனகாம்பரம். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை, ஆனால் வெயிலில் போய் வந்தாலும் முகம் வாடாது. காலைக் கல்யாணத்துக்கும் மாலை வரவேற்புக்கும் ஒரே சரம் வேண்டுமென்றால் கனகாம்பரம் கலந்து கட்டுங்கள்.

வளைகாப்புக்கு: கர்ப்பிணிகளில் சிலருக்குக் கடுமையான மணம் குமட்டும். பெண்ணைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆயுத பூஜைக்கும் வாசல் தோரணத்துக்கும்: சாமந்தி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை. செண்டுமல்லியின் மஞ்சள் சத்தைப் பிரித்தெடுத்து, முட்டைக் கரு நல்ல நிறமாக வரக் கோழித் தீவனத்தில் சேர்ப்பது உண்டு. முட்டைக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டத்துக்காரி நான் இதைச் சொல்லாமல் விடுவேனா?

அரளியில் கவனம்

சேலத்துக்குப் பக்கத்தில் பனமரத்துப்பட்டி வட்டாரம் அரளிக்குப் பேர் பெற்றது. சாமிக்கு அரளி மாலை சாத்துவதில் தவறில்லை. ஆனால் அரளியின் பூ, இலை, வேர் எல்லாமே விஷம். வயிற்றுக்குள் போனால் இதயத் துடிப்பையே பாதிக்கும். 2024-ல் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. வீட்டிலும் அதையே கடைப்பிடியுங்கள். பிரசாதத் தட்டில் அரளி வேண்டாம். தவழும் குழந்தைக்கு எட்டும்படி மாலையைப் போடாதீர்கள். கட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழித்த மாலையை ஆடு மாடு மேயும் இடத்தில் வீசாதீர்கள். யாராவது மென்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காய்ந்தும் அழகு

பொங்கல் காப்புக்கட்டுக்கு ஆவாரம்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் கட்டுகிறோமே பூளைப்பூ, அது காய்ந்தாலும் வடிவம் மாறாது. வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் அப்படியே. காம்போடு கொத்தாகக் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தலைகீழாக இரண்டு மூன்று வாரம் தொங்க விடுங்கள். கொலு அலங்காரத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் காசில்லாத பூ தயார். ரோஜா இதழைப் பழைய நோட்டுப் புத்தகத்தின் நடுவே பரப்பி, மேலே அம்மிக் குழவியை வைத்தால் படமாக ஒட்டலாம்.

அடுத்த விசேஷத்துக்கு மாலைக்கு முன்பணம் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இன்று பறித்த பூவா? சாயம் முக்கியதா? அரளி கலந்திருக்கிறதா? கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நகைக் கடையில் உரசிப் பார்க்காமலா வாங்குகிறோம்? பூவுக்கும் அதே கெட்டிக்காரத்தனம் வேண்டும், சகோதரிகளே!